உளவியல் தேர்வில் பெயரும் ஆண்டும் தவிர வேறென்ன கேட்கலாம்?

சுண்ணக்கட்டி எழுதியது:

தென் மாவட்டம் ஒன்றில் பி.எட். முதலாண்டு மாணவர்களுக்கு உளவியல் தாள் நடத்துகிறேன். இடைத்தேர்வுக்கு 25 கொள்குறி வினாக்கள் தயாரிக்க வேண்டும். துறையில் கைமாறி வந்த பழைய வினாத்தாள்களை எடுத்துப் பார்த்தேன். முதல் உளவியல் ஆய்வுக்கூடம் எங்கே தொடங்கப்பட்டது? முயன்று தவறிக் கற்றலைச் சொன்னவர் யார்? நுண்ணறிவு ஈவின் சூத்திரம் எது? அத்தனையும் இந்த வகைதான். லைப்சிக், 1879, வில்ஹெல்ம் வுண்ட் என்று என் மாணவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

அதே மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போய்வந்து எழுதிய குறிப்பேடுகளைப் படித்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. வகுப்பில் பேசிக்கொண்டிருந்த சிறுவனை ஆசிரியர் வெளியே நிற்கவைத்திருக்கிறார். "ஆசிரியர் எதிர் வலுவூட்டலைப் பயன்படுத்தினார்" என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பிடிக்காத ஒன்றை நீக்கி ஒரு நடத்தையைக் கூட்டுவதுதான் எதிர் வலுவூட்டல்; அதற்கு வரையறை கேட்டால் ஒரு சொல் பிசகாமல் எழுதுகிறவர்கள் இவர்கள். இன்னும் சில மாதங்களில் உண்மையான குழந்தைகளின் முன்னால் நிற்கப்போகிறவர்கள். தன் செயல் ஒரு குழந்தையின் நடத்தையை வளர்க்கிறதா, அடக்குகிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் இவர்களை அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

ஆகவே இந்த முறை பெயர் கேட்கும் வினாக்களைக் குறைத்து, நிகழ்ச்சியைச் சொல்லிக் கருத்தைக் கேட்கும் வினாக்களை எழுதத் தொடங்கியிருக்கிறேன். மூன்றைக் கீழே தருகிறேன்.

1. நான்காம் வகுப்பு ஆசிரியர் ஒருவர், திங்கள் முதல் வியாழன் வரை வீட்டுப்பாடத்தை முடித்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை வீட்டுப்பாடம் கிடையாது என்று அறிவித்தார். இது எதற்கு எடுத்துக்காட்டு? (அ) நேர் வலுவூட்டல் (ஆ) எதிர் வலுவூட்டல் (இ) தண்டனை (ஈ) மறைதல்

2. தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தை, பிறகு வெள்ளைக் கோட்டு அணிந்த செவிலியரைப் பார்த்ததுமே அழுகிறது. இங்கே இயல்பான தூண்டல் எது? (அ) வெள்ளைக் கோட்டு (ஆ) ஊசி குத்தும் வலி (இ) அழுகை (ஈ) செவிலியர் மீதான பயம்

3. வீட்டில் நாளிதழ் வாங்கும் குடும்பத்துக் குழந்தைகள் அதிக மதிப்பெண் பெறுவதாக ஒரு பள்ளி கண்டறிந்தது என்று வைத்துக்கொள்வோம். இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்?

இவை சரியாக அமைந்திருக்கின்றனவா? நினைவு, அறிவுவளர்ச்சி, நுண்ணறிவு ஆகிய பகுதிகளுக்கு எப்படிக் கேட்கலாம்? தேர்வு நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்.


பழைய வருகைப்பதிவேடு எழுதியது:

அம்மா, ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நெடுங்காலம் இதே பாடத்தை நடத்தி ஓய்வுபெற்றவன் நான். உங்கள் முயற்சி மிகவும் தேவையானது. ஆனால் முதல் வினாவை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதில் முக்கியமான ஒரு வரி இல்லை.

ஆசிரியர் அறிவித்தார் என்பதோடு வினா நின்றுவிடுகிறது. அதன்பின் வீட்டுப்பாடம் முடிக்கும் பழக்கம் கூடியதா? அதைச் சொல்லாவிட்டால் அது வலுவூட்டலா என்று யாராலும் கூற முடியாது. நடத்தையியல் அறிஞர் ஸ்கின்னர் வலுவூட்டலை ஆசிரியரின் நோக்கத்தை வைத்து வரையறுக்கவில்லை, விளைவை வைத்து வரையறுத்தார். நடத்தைக்குப் பின்னால் ஏதாவது சேர்ந்ததா, நீங்கியதா என்பது ஒரு கேள்வி. அந்த நடத்தை பிறகு கூடியதா, குறைந்ததா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை தெரிந்தால்தான் பெயர் வைக்க முடியும். சேர்ந்து கூடினால் நேர் வலுவூட்டல், நீங்கிக் கூடினால் எதிர் வலுவூட்டல். குறைந்துபோனால், சேர்ந்தாலும் நீங்கினாலும் அது தண்டனைதான். "அடுத்த வாரங்களில் வீட்டுப்பாடம் முடிப்போர் எண்ணிக்கை கூடியது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வினா நிமிர்ந்து நிற்கும்.

வெளியே நிற்கவைக்கப்பட்ட அந்தச் சிறுவனிடம் வருகிறேன். உங்கள் மாணவர்கள் எழுதியது தவறு என்று உடனே அடித்துவிடாமல், "அடுத்த நாள் என்ன நடந்தது?" என்று அவர்களைக் கேளுங்கள். பேச்சு குறைந்திருந்தால் அது தண்டனை. ஆனால் அவனுக்குப் பிடிக்காத கணக்குப் பாடவேளையிலிருந்து அவன் தப்பித்து, மறுநாள் அதே பாடவேளையில் இன்னும் அதிகமாகப் பேசியிருந்தால்? அப்போது ஆசிரியர் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு பேச்சை வளர்த்திருக்கிறார். பிடிக்காதது நீங்கியது, நடத்தை கூடியது. அது எதிர் வலுவூட்டலேதான். நான் பார்த்த வகுப்பறைகளில் இது அரிதான நிகழ்ச்சி அல்ல. ஆண்டு முழுவதும் ஒரே பையன் கதவருகே நின்றுகொண்டிருந்தால், அந்தத் தண்டனை தண்டனையாக வேலை செய்யவில்லை என்றுதான் பொருள்.

இந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் வைத்து நான்கு வினாக்கள் எழுதலாம். ஒவ்வொன்றிலும் கடைசி வரியை மட்டும் மாற்றுங்கள். தாழ்வாரத்தில் வேடிக்கை பார்க்கக் கிடைத்ததே, அது சேர்ந்ததாகாதா என்று ஒரு மாணவி எழுந்து கேட்பாள். அவளை உட்காரச் சொல்லிவிடாதீர்கள். அவள் பாடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது வினா நல்ல வினா. அதோடு நிறுத்தாமல் இன்னொன்றும் கேளுங்கள். ஊசி குத்தும்போதும் அழுகை, கோட்டைக் கண்டதும் அழுகை. இரண்டும் ஒரே துலங்கலா, அதாவது தூண்டலுக்குக் காட்டும் ஒரே எதிர்வினையா? முதலாவது எதனாலும் கற்பிக்கப்படாமல் வருவது. இரண்டாவது கற்றது. பார்வைக்கு ஒன்றாக இருப்பதால் பாதி வகுப்பு இங்கே சறுக்கும். பாவ்லோவின் நாயிலும் இதே சிக்கல்தான். உணவுக்கும் உமிழ்நீர், உணவோடு இணைந்துவந்த ஒலிக்கும் உமிழ்நீர். பிறகு அந்தக் குழந்தை, வெள்ளைத் துணி போர்த்தும் முடிதிருத்தும் கடையிலும் அழுகிறது என்று நீட்டினால், ஒன்றுக்குப் பழகியது அதைப் போன்றவற்றுக்கும் பரவும் தூண்டல் பொதுமைப்படுதலுக்குப் போய்விடலாம். 1920 இல் வாட்சனும் ரேய்னரும் வெளியிட்ட ஆய்வில், வெள்ளெலியைக் கண்டு அஞ்சப் பழக்கப்பட்ட குழந்தை முயலுக்கும் நாய்க்கும் உரோமக் கோட்டுக்கும் அஞ்சியது. அந்த ஆய்வை இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. அதையும் ஒரு வினாவாகக் கேட்கலாம்.

அறிவுவளர்ச்சிக்கு, குழந்தையின் சிந்தனை வளர்வதாகப் பியாஜே சொன்ன நிலைகளையும் வயதுகளையும் பொருத்துக என்று கேட்பதை நிறுத்துங்கள். இப்படிக் கேளுங்கள்: ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் இருக்கிறது. குழந்தையின் கண்முன்னே ஒரு டம்ளர் நீரை ஒல்லியான உயரமான பாத்திரத்தில் ஊற்றுகிறோம். அதில்தான் அதிகம் என்கிறது குழந்தை. எந்த விடையைச் சொல்லியிருந்தால் அக்குழந்தை அடுத்த நிலைக்கு வந்துவிட்டதாகக் கருதலாம்? தெரிவுகளில் ஒன்றாக "திரும்ப டம்ளரிலேயே ஊற்றினால் முன்னைப் போலத்தானே இருக்கும்" என்பதை வையுங்கள். அதுதான் விடை. மனத்துக்குள் செயலைப் பின்னோக்கி நடத்திப் பார்க்கும் திறன் வந்துவிட்டது. இரண்டு முதல் ஏழு வரை, ஏழு முதல் பதினொன்று வரை என்று ஒப்பிப்பவரைவிட, பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் இதைச் செய்து பார்த்துவிட்டு வருபவருக்குப் பாடம் நன்றாகப் புரியும்.

ஒரு நடைமுறை யோசனையும் சொல்கிறேன். தவறான தெரிவுகளை நீங்களே உட்கார்ந்து கற்பனை செய்யாதீர்கள். தெரிவுகள் இல்லாமல் அதே வினாவை முதலில் ஒரு வகுப்பில் கேட்டு, ஒரு வரியில் விடை எழுதி வாங்குங்கள். அவர்கள் எழுதும் தவறுகளே சிறந்த தெரிவுகள். யாருமே தேர்ந்தெடுக்காத தெரிவு இடத்தைத்தான் அடைக்கிறது.


இரவுப்படிப்பு எழுதியது:

மேடம், நான் பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துவருகிறேன். பகலில் வேலை, இரவில்தான் புத்தகம். தகுதித் தேர்வில் 150 வினாக்களில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் சார்ந்தவை. அவற்றில் பெயரும் ஆண்டும் கேட்கும் வினாக்கள் உண்மையாகவே வருகின்றன. ஒவ்வொரு மதிப்பெண்ணும் எங்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினை. பெயர்களை விட்டுவிடுங்கள் என்று நீங்கள் சொன்னால் உங்கள் மாணவர்கள் அங்கே என்ன செய்வார்கள்? கருத்து புரிய வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்கு இரண்டும் வேண்டும், நேரமும் குறைவு. இதற்கு வழி இருந்தால் சொல்லுங்கள்.


சுண்ணக்கட்டி எழுதியது:

ஐயா, வலுவூட்டல் வினாவில் நீங்கள் சுட்டிய வரியைச் சேர்த்துவிட்டேன். கதவருகே நிற்கும் பையனை வைத்து நான்கு வினாக்களையும் எழுதிவிட்டேன். மிகவும் நன்றி.

இரவுப்படிப்பு, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பெயர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. பெயரைத் தனியாகக் கேட்காமல், அவர் செய்த சோதனையோடு சேர்த்துக் கேட்கலாம் என்கிறேன். சோதனை புரிந்தால் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டு வரும்.

மறத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். எபிங்ஹாஸ், 1885, மறத்தல் வளைகோடு என்று எழுதிவைத்துக்கொள்கிறோம். அதற்குப் பதிலாக, அவர் ஏன் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தார் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பொருளுள்ள சொல்லாக இருந்தால், முன்பே தெரிந்த செய்திகளோடு அது இணைந்து எளிதாக நினைவில் தங்கிவிடும். அப்போது எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறோம் என்று சுத்தமாக அளக்க முடியாது. அதனால்தான் பொருளே இல்லாதவற்றை எடுத்துக்கொண்டார், சோதனைக்கு ஆளும் அவரேதான். இதை ஒருமுறை யோசித்துவிட்டவருக்கு எபிங்ஹாஸ் என்ற பெயர் எளிதில் மறக்காது. பொருள் புரிந்து படித்தது ஏன் நிற்கிறது என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

தார்ண்டைக்கும் கோலரும் அப்படித்தான். முயன்று தவறிக் கற்றலைச் சொன்ன தார்ண்டைக்கின் பூனை புதிர்ப்பெட்டியிலிருந்து வெளியே வர எடுத்துக்கொள்ளும் நேரம், முயற்சிக்கு முயற்சி ஏறி இறங்கி, மொத்தத்தில் சிறுகச் சிறுகக் குறைகிறது. டெனெரீஃப் தீவில் கோலர் வைத்திருந்த சுல்தான் என்ற சிம்பன்சி, எட்டாத பழத்துக்காகப் பலவாறு முயன்று பயனில்லாமல் போய், பிறகு சட்டென்று ஒரு மூங்கிலுக்குள் இன்னொன்றைச் செருகி நீளமாக்கி இழுத்துக்கொண்டது. இப்போது வினா: ஒரு மாணவன் கணக்குப் போட எடுத்த நேரத்தை வரைபடமாகத் தந்திருக்கிறது. கோடு நெடுநேரம் உயரத்திலேயே ஓடி, ஒரே இடத்தில் செங்குத்தாக விழுகிறது. இது யாருடைய விளக்கத்துக்குப் பொருந்தும்? பெயரும் வந்துவிட்டது, கருத்தும் வந்துவிட்டது. உட்காட்சி வழிக் கற்றல் என்று எழுதவும் தெரிந்துவிட்டது.

நுண்ணறிவு ஈவுக்கும் ஒன்று எழுதினேன். சோதனையில் எந்த வயதினர் அளவுக்குச் செய்கிறாரோ அந்த மன வயதைக் கால வயதால் வகுத்து 100 ஆல் பெருக்குவது எல்லோருக்கும் தெரியும். எட்டு வயதுக் குழந்தைக்கு மன வயது 10 என்றால் 125. என் வினா: இதே சூத்திரத்தை 40 வயதுக்காரருக்குப் போட்டால் ஏன் தவறான விடை வரும்? கால வயது ஏறிக்கொண்டே போகிறது, சோதனையில் அளக்கப்படும் மன வயது அப்படி ஏறுவதில்லை. எல்லாப் பெரியவர்களும் ஆண்டுதோறும் அறிவு மங்குவதாகக் கணக்கு காட்டும். அதனால்தான் நுண்ணறிவுச் சோதனைகளை உருவாக்கிய வெக்ஸ்லர், ஒருவரை அவருடைய வயதுக்காரர்களின் சராசரியோடு ஒப்பிடும் முறைக்கு மாறினார். சராசரிக்கு 100 என்று வைத்துக்கொண்டார். இதைப் புரிந்துகொண்டவர், 130 என்ற எண்ணைப் பார்த்துக் குழந்தைக்குப் பட்டம் சூட்டிவிட மாட்டார், 80 ஐப் பார்த்து ஓரங்கட்டவும் மாட்டார்.


மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

கோயம்புத்தூரில் உளவியல் முதுகலை படிக்கிறேன். எல்லோரும் என்ன கேட்கலாம் என்று பேசுகிறீர்கள். எப்போது கேட்கலாம் என்பதைப் பற்றி நான் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதற்கு விடை இந்தப் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது.

செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகரும் கார்பிக்கியும் செய்த ஆய்வு 2006 இல் வந்தது. ஒரு குழு ஒரு பத்தியை நான்கு சுற்றுகளிலும் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் படித்து, மற்ற மூன்று சுற்றுகளிலும் புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் முந்தினார்கள்: 83 விழுக்காடு, எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. அந்த ஆய்வில் இன்னொன்றும் உண்டு. திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான், ஒரு வாரம் கழித்தும் நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை அதிகமாக இருந்தது.

ஆகவே மேடம், 25 வினாக்களையும் இடைத்தேர்வுக்கென்று பூட்டிவைக்காதீர்கள். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் போன வாரப் பாடத்திலிருந்து இரண்டு வினாக்களை மதிப்பெண் இல்லாமல் கேளுங்கள். சரியான விடையை அன்றே சொல்லிவிட வேண்டும் என்பது முக்கியம். கொள்குறி வினாவில் தவறான தெரிவைத் தேர்ந்தெடுத்தவர் அதையே உண்மை என்று மனத்தில் பதித்துக்கொண்டு போகும் ஆபத்து இருக்கிறது. விடைத்தாளை மூன்று வாரம் கழித்துத் தரும் வழக்கம் இதற்குச் சரிவராது. இரவுப்படிப்பு, உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். நேரம் குறைவு என்றால், இரண்டாம் முறை வாசிப்பதை விட்டுவிட்டு, புத்தகத்தை மூடி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

இன்னொரு வேண்டுகோள். காட்சி வழி கற்பவர், செவி வழி கற்பவர், செய்து கற்பவர் என்று குழந்தைகளைப் பிரித்து, அவரவர் பாணியில் கற்பித்தால் அதிகம் கற்பார்கள் என்ற செய்தியை உங்கள் வினாத்தாளில் உண்மையாக வைத்துவிடாதீர்கள். 2008 இல் பாஷ்லர் முதலிய நான்கு உளவியலாளர்கள் இதற்கான ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். இதை மெய்ப்பிக்க எப்படிப்பட்ட ஆய்வு வேண்டும் என்று முதலில் வகுத்தார்கள்: குழந்தைகளைப் பாணிவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் யாருக்கு எந்த முறை என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானித்து, கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். காட்சிப் பிரிவினர் காட்சி முறையிலும் செவிப் பிரிவினர் செவி முறையிலும் முந்தியிருக்க வேண்டும். அப்படி அமைந்த ஆய்வுகளே மிகக் குறைவு, இருந்தவற்றிலும் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். குழந்தைகளுக்கு விருப்பங்கள் இருக்கின்றன. ஆனால் விருப்பத்துக்கேற்பக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பது தனிக் கூற்று, அதற்குத் தனிச் சான்று வேண்டும். "இவன் செவி வழி கற்பவன்" என்று ஒரு குழந்தைக்கு முத்திரை குத்தி, படத்தையும் எழுத்தையும் அவனிடமிருந்து விலக்கிவைக்கும் ஆசிரியரை நினைத்தாலே கவலையாக இருக்கிறது.


இரவுப்படிப்பு எழுதியது:

பயிற்சி நூல்களில் அந்தப் பாணிகள் ஒரு முழு அத்தியாயமாக இருக்கின்றனவே! தேர்வில் கேட்டால் என்ன எழுதுவது?


சுண்ணக்கட்டி எழுதியது:

"இந்தக் கோட்பாட்டின்படி" என்று வினா தொடங்கினால் கோட்பாட்டின்படி விடை தாருங்கள், அதில் பொய் எதுவும் இல்லை. ஒரு கோட்பாடு என்ன சொல்கிறது என்பதும், அது சொல்வது மெய்ப்பிக்கப்பட்டதா என்பதும் வேறு வேறு வினாக்கள். மாணவர்கள் இரண்டுக்கும் விடை தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தகுதித் தேர்வை எழுதி முடித்தபின் நீங்கள் நிற்கப்போகும் வகுப்பறையில் இரண்டாவது வினாதான் உங்களுக்கு வேண்டியிருக்கும்.

மூன்றாம் பெஞ்ச் விளக்கிய ஆய்வு அமைப்பே என் மூன்றாவது வினாவுக்கு வழி காட்டிவிட்டது. அதை இப்படி விரித்திருக்கிறேன்:

"நாளிதழ் வாங்கும் வீட்டுக் குழந்தைகள் அதிக மதிப்பெண் பெறுகிறார்கள் என்று ஒரு பள்ளி கண்டது. உடனே தலைமையாசிரியர் எல்லா வீடுகளையும் நாளிதழ் வாங்கச் சொல்கிறார். அவருடைய முடிவில் உள்ள குறை எது? (அ) குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு (ஆ) பெற்றோரின் கல்வியும் வருமானமும் இரண்டையும் உயர்த்தியிருக்கலாம் (இ) மதிப்பெண்ணை அளக்க முடியாது (ஈ) குறை எதுவும் இல்லை."

அதைத் தொடர்ந்து இன்னொன்று: "நாளிதழால்தான் மதிப்பெண் உயர்ந்ததா என்று அறிய என்ன செய்ய வேண்டும்?" தெரிவுகளாக, இன்னும் அதிகப் பள்ளிகளில் கணக்கெடுப்பது, விருப்பப்பட்ட குடும்பங்களுக்கு நாளிதழ் தருவது, சீட்டுக் குலுக்கிப் பாதிக் குடும்பங்களுக்கு மட்டும் நாளிதழ் தந்து ஓராண்டு கழித்து ஒப்பிடுவது, பெற்றோரிடம் கருத்துக் கேட்பது ஆகியவற்றை வைத்திருக்கிறேன். விருப்பப்பட்டவர்களுக்குத் தருவது என்ற தெரிவில் நிறையப் பேர் விழுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். விரும்பிக் கேட்கும் குடும்பமே படிப்பில் அக்கறையுள்ள குடும்பமாக இருக்கும். அந்த வேறுபாட்டைக் குலுக்கல்தான் இரு பக்கமும் சமமாகப் பரப்பும். எண்ணிக்கையைப் பெருக்கினாலும் இந்தக் குறை தீராது என்பதை அன்றே வகுப்பில் பேசிவிடலாம்.

வகுப்புக்கு இரண்டு வினா என்ற யோசனையை இந்த வாரமே தொடங்குகிறேன். பெயர் கேட்கும் வினாக்கள் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டேன். நினைவுப் பகுதியில் பின்னோக்குத் தடைக்கும் முன்னோக்குத் தடைக்கும்தான் இன்னும் நல்ல நிகழ்ச்சி கிடைக்கவில்லை. யாரிடமாவது இருக்கிறதா?


பழைய வருகைப்பதிவேடு எழுதியது:

இருக்கிறது. ஒரு ஆசிரியர் சென்ற ஆண்டு மாணவர்களின் பெயர்களை நன்றாக அறிந்திருந்தார். இந்த ஆண்டு புதிய வகுப்பின் பெயர்களைக் கற்றபின், பழைய மாணவர் ஒருவரை வழியில் பார்த்துப் பெயர் வராமல் தடுமாறுகிறார். புதியது பழையதைத் தடுப்பதால் பின்னோக்குத் தடை. அதே ஆசிரியர் புதிய மாணவியை, அதே இருக்கையில் சென்ற ஆண்டு உட்கார்ந்திருந்தவளின் பெயரால் கூப்பிட்டுவிடுகிறார். பழையது புதியதைத் தடுப்பதால் முன்னோக்குத் தடை. இரண்டையும் அடுத்தடுத்து வைக்காமல், நடுவில் வேறு பகுதி வினாக்களைப் போட்டுப் பிரித்துவையுங்கள். இல்லாவிட்டால் ஒன்றைப் பார்த்து மற்றதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு சிறு திருத்தம். நாளிதழ் வினாவில் நான்காவது தெரிவை எடுத்துவிட்டு, "மதிப்பெண் உயர்ந்ததால் நாளிதழ் வாங்கத் தொடங்கியிருக்க முடியாது" என்று எழுதுங்கள். காரணமும் விளைவும் திரும்பியும் இருக்கலாம் என்பதை யோசித்துப் பார்க்காதவர் அதைத் தொடுவார். தேர்வு முடிந்ததும் எந்தத் தெரிவை எத்தனை பேர் தொட்டார்கள் என்பதை இங்கேயே எழுதுங்கள், அடுத்த தொகுப்பைச் சேர்ந்து தயாரிக்கலாம்.